குடைப் பாட்டுக்கு ஒரு சொந்தச் சுற்று

மத்தியான வேளையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டிரையல் ரூமுக்குள் புகுந்து, திரையை இழுத்து மூடிக்கொண்டு சாக்ஸஃபோன் ஊதுகிற தையல்காரர் வேறு எங்காவது இருப்பாரா என்பது சந்தேகம்தான். அரையிஞ்சு என்கிறவர் அப்படித்தான் ஊதுவார். ஓர் ஆள் நின்று கையை நீட்டினால் இடிக்கிற இடம். மூன்று பக்கம் பலகை, ஒரு பக்கம் ஆளுயரக் கண்ணாடி. சத்தம் வெளியே போகாமல் இருக்க, சரிபண்ணி முடித்த கோட்டுகளைக் கொக்கிகளில் நெருக்கமாக மாட்டிவைப்பார். அப்படியும் பக்கத்து மொபைல் ரிப்பேர் கடைக்காரர் சுவரைத் தட்டுவார். கண்ணாடிக்குள் கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்த நாற்பத்தொன்பது வயது ஆள் ஒருவர் அவரையே முறைத்துக்கொண்டு நிற்பார். அந்த மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காலடியில் ஃபோன் ஓடிக்கொண்டிருக்கும். அதில் பியானோ உண்டு, பாஸ் கிதார் உண்டு, டிரம்ஸ் உண்டு. சாக்ஸஃபோன் இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி. பழகுகிறவர்களுக்காகவே அப்படிப் பதிவுசெய்து போட்டிருக்கிறார்கள், புண்ணியவான்கள். அந்தக் காலி இடத்தில் அரையிஞ்சு சொந்தமாக ஏதாவது வாசிக்க வேண்டும். மாதக்கணக்கில் முட்டிமோதியும் அதுதான் நடக்கவில்லை.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ரேஷன் அட்டைக்கும் பேங்குக்கும் மட்டும்தான். கடைத்தெரு முழுக்க அவர் அரையிஞ்சுதான். அவர் புதுத்துணி வெட்டித் தைப்பவர் இல்லை. யாரோ தைத்ததை, எங்கேயோ வாங்கியதைச் சரிபண்ணிக் கொடுப்பவர். பேண்ட் நீளம் குறைப்பது, இடுப்பு பிடிப்பது, தோள் இறக்குவது, ஜிப் மாற்றுவது. வாடிக்கையாளர் துணியை வாங்கி உடம்போடு வைத்துப் பார்க்கும்போது, "உள்ளே அரையிஞ்சு விட்டிருக்கேன், நாளைக்கே உடம்பு போட்டா பிரிச்சுக்கலாம்" என்று தவறாமல் சொல்வார். ஒல்லியான ஆளிடமும் சொல்வார், குண்டான ஆளிடமும் சொல்வார். சொல்லிச் சொல்லி அதுவே அவர் பேராகிவிட்டது. அவருக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது.

சாக்ஸஃபோன் இளவயதில் ஒட்டிக்கொண்டது. ஊர்வலங்களில் சீருடை போட்டுக்கொண்டு வாசிக்கிற பேண்டு செட் ஒன்றில் சில வருஷம் இருந்தார். பின் வரிசையில் இரண்டாம் சாக்ஸஃபோன். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். நோட்டேஷன் படிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நடந்துகொண்டே, வெயிலில், முன்னால் போகிறவன் முதுகில் குத்தியிருக்கும் தாளைப் பார்த்து ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பார். கல்யாணம் ஆனதும் அதை விட்டார். கருவியை விற்க மனசு வராமல் பெட்டியோடு கடையில் வெட்டு மேஜைக்குக் கீழே தள்ளிவைத்தார்.

அங்கேதான் மருந்துக்கடை அக்காவின் கண்ணில் அது பட்டது. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை நடத்துகிறவர், தலை பாதி நரைத்தவர், பேச்சில் கறார். மேடையில் போட ஒரு கறுப்பு பேண்ட்டைக் குறைக்கக் கொண்டுவந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்டார். தன்னுடையது என்று அரையிஞ்சு சொன்னதும் பேண்ட்டை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் பியானோ வாசிப்பாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் சேர்ந்து பழைய ஜாஸ் பாட்டுகள் வாசிக்கிறார்களாம். சாக்ஸஃபோனுக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்களாம். அரையிஞ்சுக்கு அன்றைக்கு முழுக்கத் தையல் நேராக ஓடவில்லை.

அவர்கள் கூடும் இடம் ஒரு மெத்தைக் கடையின் கிடங்கு. கடைக்காரர்தான் டிரம்ஸ். அவரை எல்லாரும் மெத்தை என்றே கூப்பிடுவார்கள், உடம்பும் அதற்குத் தோதாகத்தான் இருக்கும். பாஸ் வாசிக்கிறவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். பகலெல்லாம் கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்துக் கத்துவதாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமை வாயே திறக்க மாட்டார். சுற்றிலும் பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள் கூரைவரை நிற்கும். எவ்வளவு ஊதினாலும் அவை சத்தத்தை விழுங்கிவிடும். அரையிஞ்சுக்கு அந்த இடம் முதல் நாளே பிடித்துப்போயிற்று. வாரம் முழுக்க 'இதைக் குறை, அதைப் பிடி' என்று கேட்டுக்கேட்டுப் புளித்த காதுக்கு, 'நீங்க என்ன வாசிக்கப் போறீங்க?' என்று கேட்ட ஒரே இடம் அதுதான். கேட்டபோது இனித்த கேள்விதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

அவர்கள் அதிகம் வாசிப்பது ஒரு பழைய பாட்டு. மழை நின்ற பிறகும் குடையை மடக்காமல் தெருத்தெருவாக நடக்கிற ஒருவனைப் பற்றியது. குழுவில் அதற்குக் குடைப் பாட்டு என்று பேர். நான்கே வரி மெட்டு. முதலில் எல்லாரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அதே நான்கு வரி நீளத்துக்குள், பியானோவில் சேர்ந்து ஒலிக்கிற அதே சுரக்கொத்துகளுக்கு மேல், அந்த நிமிஷத்தில் தோன்றுகிற புது மெட்டை வாசிக்க வேண்டும். ஒரு சுற்று போகலாம், இரண்டு மூன்று சுற்றும் போகலாம். கடைசியில் எல்லாரும் மெட்டுக்குத் திரும்புவார்கள். கேட்கும்போது இதென்ன பிரமாதம் என்றுதான் அரையிஞ்சு நினைத்தார்.

முதல் ஞாயிறு மெட்டை அவர் வாசித்ததும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். தொனி அவ்வளவு நன்றாக இருந்தது. சொந்தச் சுற்று வந்தது. அரையிஞ்சு மறுபடியும் மெட்டையே வாசித்தார். அடுத்த ஞாயிறு மெட்டை வாசிக்கக் கூடாது என்று வைராக்கியமாகப் போனார். அன்றைக்கு வந்ததெல்லாம் சரளி வரிசைதான், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. மெத்தை குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "என்னய்யா, மாடிப்படி ஏறி இறங்கற மாதிரி இருக்கு. எந்த மாடிக்குத்தான் போகணும் உனக்கு?" என்றார். சிரிப்பு வந்தது எல்லாருக்கும், அரையிஞ்சைத் தவிர.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் புத்தி சொன்னார்கள். அக்கா, முதலில் மனசுக்குள் பாடுங்கள், அப்புறம் ஊதுங்கள் என்றார். மனசுக்குள் பாடியதை விரல் தேடிப் பிடிப்பதற்குள் பாட்டு இரண்டு வரி தாண்டிப் போய்விடும். மெத்தை, யோசிக்காமல் ஊது என்றார். யோசிக்காமல் ஊதினால் பழையபடி மாடிப்படி. ஃபோனில் பாடம் நடத்துகிற ஆசாமிகள் இன்னும் மோசம். ஒருத்தர் சுரக்கொத்தைப் பிரித்துப் பிரித்து வாசி என்பார். இன்னொருத்தர் அதையெல்லாம் மறந்துவிட்டு மெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலை என்பார். மூன்றாமவர் ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு கதை சொல் என்பார். ஒரே சுரத்தில் என்ன கதை சொல்வது? அரையிஞ்சு டிரையல் ரூமில் நின்று அந்த ஒற்றைச் சுரத்தை ஊதோ ஊதென்று ஊதினார். பக்கத்துக் கடைக்காரர் சுவரைத் தட்டாமல் நேரிலேயே வந்து, கரண்டு ஏதாவது லீக் ஆகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மனைவி ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். நாள் முழுக்க நோயாளிகளின் வசவைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் கதவுக்குப் பின்னால் இதையும் கேட்க வேண்டியிருந்தது. மாடியில் குடியிருக்கும் மச்சினன் படி இறங்கும்போதெல்லாம், மாமா, குடைப் பாட்டில் மழை விட்டதா இல்லையா என்று விசாரிப்பான். ஒருநாள் மனைவி சமாதானமாகத்தான் சொன்னாள்.

"நீங்க ரெடிமேட் பேண்ட்டை ஆளுக்குத் தக்க மாதிரி மாத்திக் கொடுக்கறீங்கல்ல? பாட்டையும் அதே மாதிரி அங்கங்க கொஞ்சம் மாத்துங்களேன்."

"பேண்ட்டுக்கு ஆள் வந்து நின்னு அளவு கொடுக்கறான்," என்று அரையிஞ்சு சீறினார். "இங்க எவன் வந்து நிக்கறான் எனக்கு?"

அவருக்கே சொன்ன பிறகு சுருக்கென்றது. அதுதானே விஷயம். யாராவது வந்து நின்று இப்படி வேண்டும் என்று சொன்னால் அவர் அப்படியே செய்துவிடுவார், வாழ்நாள் முழுக்கச் செய்தது அதைத்தான். தனக்கு எப்படி வேண்டும் என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார். இந்த ஒன்றையாவது ஒரு தடவை சொந்தமாகச் செய்துவிட வேண்டும் என்ற வெறி அன்றைக்குத்தான் அவரைச் சரியாகப் பிடித்தது.

வெறி இருந்து என்ன, வேளை கூடவில்லை. ஒரு ஹோட்டலின் மொட்டைமாடியில் மாதம் ஒரு சாயங்காலம் வாசிக்க அக்கா பேசி முடித்துவிட்டார். அன்றைய பயிற்சி முடிந்ததும் அரையிஞ்சைத் தனியே கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தொனி மாதிரி வேற யாருக்கும் அமையாது. ஆனா சாக்ஸஃபோன் சொந்தமா ஒரு சுற்றாவது வாசிக்கலேன்னா இந்தக் குழு எதுக்கு? ஹோட்டல்ல ஒரு சுற்று வாசிச்சுக் காட்டுங்க. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

"வாசிச்சுடறேன்க்கா," என்றார் அரையிஞ்சு. அதற்குமேல் என்ன சொல்வது?

அதற்குப் பிறகு அவர் செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் அவருக்கே இப்போதும் கோபம்தான் வருகிறது. குடைப் பாட்டின் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்தார். கேட்பார் இல்லாமல் கிடந்த பதிவு. அதில் யாரோ ஒரு சாக்ஸஃபோன்காரர் மூன்று சுற்று வாசித்திருந்தார். முதல் சுற்று அடக்கமாக, இரண்டாவது கொஞ்சம் துள்ளி, மூன்றாவது உடம்பு சிலிர்க்கிற மாதிரி. அரையிஞ்சு அதை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, சுரம் சுரமாகத் தாளில் எடுத்தார். இது அவருக்குக் கைவந்த வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று சுற்றையும் மனப்பாடம் செய்தார். பிறகு யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று இங்கே ஒரு சுரத்தைக் குறைத்தார், அங்கே ஒன்றை இழுத்துவிட்டார். அடுத்தவன் கோட்டுக்குப் பட்டன் மாற்றித் தனதாக்குகிற மாதிரிதான். சொந்தமாக வாசிக்க வேண்டும் என்று வெறி பிடித்த அதே ஆள்தான் இதைச் செய்தார். பயம் வந்துவிட்டால் மனுஷன் எதையும் செய்வான்.

பயிற்சியில் அதை வாசித்துக் காட்டவில்லை. ஹோட்டலில் பாருங்கள், வந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தார்.

அந்தச் சாயங்காலம் மொட்டைமாடியில் மேஜைகள் பாதிக்குமேல் நிறைந்திருந்தன. ஓர் ஓரத்தில் மனைவியும் மச்சினனும் உட்கார்ந்திருந்தார்கள். குடைப் பாட்டு வந்தது. எல்லாரும் மெட்டை வாசித்து முடித்தார்கள். அக்கா அரையிஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். அரையிஞ்சு முதல் சுற்றை எடுத்தார். மனப்பாடம் அல்லவா, வழுக்கிக்கொண்டு போயிற்று. மேஜைகளில் பேச்சு நின்றது. மெத்தை வாயைப் பிளந்துகொண்டு தட்டினார். சுற்று முடியப் போகும் இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி. அதில் அரையிஞ்சின் வலது கை தானாக எழுந்து உச்சந்தலையை ஒரு தட்டுத் தட்டியது.

பழைய பேண்டு செட்டில் அவருக்குக் கொடுத்த தொப்பி தலைக்குப் பெரிது. வாசிக்கும்போது கண்ணுக்கு இறங்கிவிடும். மூச்சு விடுகிற இடத்தில் எல்லாம் அதை மேலே தட்டிவிட்டுக்கொள்வார். தொப்பி போய் எவ்வளவோ காலமாயிற்று. வெளியில், ஜனங்களுக்கு முன்னால், கருவியும் கையுமாக நின்றதும் பாழாய்ப்போன கைக்கு மட்டும் தொப்பி ஞாபகம் வந்துவிட்டது. ஜாஸ் வாசிக்கிறவர்களுக்கோ மேடையில் பேச முடியாது, எல்லாம் சைகைதான். உச்சந்தலையைத் தட்டினால், 'இந்தச் சுற்றோடு நான் முடித்துக்கொள்கிறேன், எல்லாரும் மெட்டுக்கு வாருங்கள்' என்று அர்த்தம்.

அவர் இரண்டாவது சுற்றுக்கு மூச்சை இழுத்தபோது மற்ற மூவரும் மெட்டில் இறங்கிவிட்டார்கள். அரையிஞ்சுக்குத் தன் கை என்ன செய்தது என்பதே அப்போதுதான் புரிந்தது. துள்ளுகிற இரண்டாம் சுற்றும் சிலிர்க்கிற மூன்றாம் சுற்றும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு நிற்க, அவர் மெட்டை வாசித்து முடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

பாராட்டு அதைவிட மோசம். மெத்தை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். கிடைத்த இடத்தில் நீட்டி முழக்காமல் ஒரே சுற்றில் நிறுத்திக்கொண்டதுதான் கலைஞனுக்கு அழகு என்றார். ஹோட்டல் மேனேஜர் வந்து கை கொடுத்தார். அக்கா அதிகம் பேசவில்லை, அடுத்த மாதமும் இந்தப் பாட்டைப் போடுவோம் என்றார். ஆக, குழுவில் அவர் இடம் தப்பித்தது. வேறு ஆள் தேட வேண்டிய அவசியமில்லை. அரையிஞ்சுக்கோ யாரையாவது கடித்துக் குதற வேண்டும்போல இருந்தது. சொந்தமாகத்தான் வாசிக்கவில்லை, திருடியதையாவது முழுசாக வாசித்தாரா என்றால் அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி காதுத்தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, முதல் பாகத்தோட விட்டுட்டீங்க? ரெண்டாவதுதானே நல்லா இருக்கும்?"

அவர் சட்டையில் ஒரு கையோடு நின்றுவிட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அத்தனை நாளும் அவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பதிவு அவருக்கு எவ்வளவு பாடமோ அவளுக்கும் அவ்வளவு பாடம். யாருக்கும் தெரியாது என்று அவர் பட்டன் மாற்றியதெல்லாம் வீட்டுக்குள்ளேயே செல்லவில்லை. அவள் குத்திக்காட்டவும் இல்லை. துணியை மடித்துக்கொண்டே அந்த இரண்டாம் சுற்றை முணுமுணுக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி சரியாகப் போயிற்று. மூன்றாவது வரியில் மெட்டு எங்கோ திரும்பி, அவர் கேட்டே இராத ஓர் இடத்துக்குப் போய், நெளிந்து, அழகாக வந்து சேர்ந்தது.

"அது அப்படி இல்ல," என்றார் அரையிஞ்சு.

"அது எப்படியோ. எனக்கு இப்படித்தான் வருது," என்று சொல்லிவிட்டு அவள் மடித்த துணியை அலமாரியில் வைத்தாள்.

மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது. மாதக்கணக்காக டிரையல் ரூமில் நின்று, கண்ணாடியோடு சண்டை போட்டு, ஊரில் உள்ள ஆசாமிகளின் பாடத்தையெல்லாம் கேட்டு வராத ஒன்று, துணி மடிக்கிறவளுக்குத் தானாக வருகிறது. அது பெரிய காரியம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அவளைத் திட்டவும் வழியில்லை. போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து படுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் போனபோது அவர் மனசில் எந்தத் திட்டமும் இல்லை. குடைப் பாட்டை எடுத்தார்கள். மெட்டு முடிந்தது. மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள், அன்றைக்கு வாசித்ததை எதிர்பார்த்து. விரல்களுக்கு அது தயாராகவும் இருந்தது. அரையிஞ்சு அந்த விரல்களை வேண்டுமென்றே வேறு இடத்தில் வைத்து ஊதினார். முதல் வரி நொண்டியது. இரண்டாவது வரியில் ஒரு சுரம் பியானோவோடு மோதி நாராசமாகக் கத்தியது. மூன்றாவதில் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் திணறினார். அக்கா பியானோவை நிறுத்திவிட்டார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு? அன்னிக்கு அவ்வளவு நல்லா வந்துதே?"

"அன்னிக்கு வாசிச்சது என்னுது இல்லக்கா," என்றார் அரையிஞ்சு. சாக்ஸஃபோன் வாய்க்குப் பக்கத்திலேயே இருந்தது. "ஒரு பழைய பதிவுலேர்ந்து எடுத்து மனப்பாடம் பண்ணினேன். முடிக்கணும்னும் நினைக்கல, கை தெரியாம தலைக்குப் போயிடுச்சு. என்னுது இப்ப வாசிச்சதுதான்."

மெத்தை குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே கோபம். ஹோட்டலில் உங்களைப் பற்றி அவ்வளவு சொல்லிவைத்திருக்கிறேன், நான்கு பேர் முன்னால் என்னையும் சேர்த்து முட்டாளாக்கிவிட்டீர்கள் என்று படபடவென்று கொட்டினார். அந்த நேரத்தில், ஒரு நாளும் வாய் திறக்காத டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர், பாஸின் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அதான் அன்னிக்கு ஒரு தப்புகூட வரல."

யாரும் சிரிக்கவில்லை. அரையிஞ்சு கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கக் குனிந்தார். இனி இங்கே வேலை இல்லை என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

"பெட்டியை ஏன் திறக்கறீங்க?" என்றார் அக்கா. குரலில் கோபம் தணியவில்லை. "நான் வேற ஆளைத்தான் பார்க்கப் போறேன், அதுல மாத்தம் இல்ல. ஆள் கிடைக்கற வரைக்கும் வாங்க. இப்ப திரும்ப வாசிங்க. உங்களுதையே வாசிங்க."

மெத்தை தாளம் எண்ணிக் கொடுத்தார். மெட்டு போயிற்று. சொந்தச் சுற்று வந்தது. அரையிஞ்சு ஊதினார். இந்தத் தடவையும் மோசமாகத்தான் வந்தது. முதல் வரியிலேயே தடுமாறினார், கடைசி வரியில் ஒரு பெரிய இடத்தைத் தவறவிட்டுவிட்டு, நின்று, எங்கேயோ போய் மோதி ஒட்டிக்கொண்டார். ஆனால் சற்று முன்னால் செய்த தப்பு ஒன்றுகூட அதில் இல்லை. அத்தனையும் புதுத் தப்பு, அத்தனையும் அவருடையது. சுற்று முடிந்தும் அக்கா பியானோவை நிறுத்தவில்லை. அரையிஞ்சு அடுத்த சுற்றுக்கு மூச்சை இழுத்தார்.